பதினோரு கிழவர்களும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும்!

திருவள்ளூர் மாவட்டத்துக்கும் மோட்டார் வண்டிக்கும் ஏதோ பூர்வஜென்ம பந்தம்! நம்ப மாட்டீர்களா? எண்ணிப் பாருங்கள்.

ஆவடியில் 1961-ல் ஆரம்பித்த கனரக வாகனத் தொழிற்சாலை ராணுவத்துக்கு டாங்கி செய்கிறது. திருவள்ளூரை ஒட்டி இந்துஸ்தான் மோட்டார்ஸ் போட்ட தொழிற்சாலையிலிருந்து 1998-ல் மிட்சுபிஷி லான்சர் வந்தது. இப்போது அதே இடத்தில் சிட்ரோயன் கார் தயாராகிறது. 1997-ல் மாவட்டம் பிரித்தபோது திருவொற்றியூரும் எண்ணூரும்கூட நம்ம கணக்கில்தான் இருந்தன. (பிற்பாடு சென்னை வளர்ந்து வளர்ந்து இரண்டையும் முழுங்கிவிட்டது.) திருவொற்றியூர் என்றால் 1955 முதல் புல்லட். எண்ணூர் என்றால் அசோக் லேலண்ட். அதற்கும் முன்னால், 1948-ல் பிறந்தபோது அந்தக் கம்பெனிக்குப் பெயர் அசோக் மோட்டார்ஸ். பூட்டியது ஆஸ்டின் கார்!

சோழவரத்தை விட்டுவிட்டால் பாவம் பிடிக்கும். இரண்டாம் உலகப்போருக்குப் போட்ட விமானத் தளத்தில், சண்டை முடிந்த பிறகு மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்காரர்கள் காரும் பைக்கும் ஓட்டிப் பார்த்தார்கள். கோயமுத்தூர் கரிவர்தன் ஓட்டினார், விஜய் மல்லையா ஓட்டினார். 1990-ல் இருங்காட்டுக்கோட்டை டிராக் வரும் வரைக்கும் 'சோழவரம் ரேஸ்' என்றால் சுற்றுவட்டாரத்தில் ஒரு திருவிழா.

இதெல்லாம் வண்டி பிறந்த கதை, ஓடிய கதை. முடிகிற இடம்? அதுவும் நம்ம மாவட்டம்தான் சார்! கும்மிடிப்பூண்டி சிப்காட். இங்கே இரும்பு மில்கள் வரிசையாக இருக்கின்றன. காயலான் கடைச் சரக்கு லாரி லாரியாக வந்து இறங்கும். உலையில் போனால் சைக்கிள் என்ன, கார் என்ன? எல்லாம் ஒரே குழம்பு. வெளியே வரும்போது கட்டட வேலைக்கான முறுக்குக் கம்பி.

அந்த லாரிகள் போகிற வழியில், தகரம் வேய்ந்த ஒரு ஷெட்டில்தான் நாங்கள் பதினோரு பேர் பதினோரு பழைய வண்டிகளை வைத்துக்கொண்டு மூன்று வாரமாக மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறோம். காயலான் கடை லாரி டிரைவர்கள் போகும்போதெல்லாம் வேகத்தைக் குறைத்து எட்டிப் பார்க்கிறார்கள். கசாப்புக் கடைக்காரர் ஆட்டைப் பார்க்கிற அதே பார்வை!

விஷயம் இதுதான். வருகிற ஞாயிறு காலை ஐந்தரை மணிக்குக் கும்மிடிப்பூண்டியில் கிளம்பி, கவரைப்பேட்டை, ஜனப்பன்சத்திரம், பெரியபாளையம், ஊத்துக்கோட்டை, பூண்டி ஏரி வழியாகத் திருவள்ளூர். ஏறக்குறைய 80 கிலோமீட்டர். 'இதென்ன பிரமாதம், ஒன்றரை மணி நேரத்தில் போய்விடலாமே' என்கிறீர்களா? உங்கள் வண்டியில் போகலாம். எங்கள் கோஷ்டியில் ஒரு சுவேகா மொபெட் இருக்கிறது!

சுவேகாவைத் தெரியாத இளைஞர்களுக்கு: பக்கத்துத் திருப்பதியில் தயாரான வண்டி. சைக்கிள் மாதிரி பெடல் மிதித்து ஸ்டார்ட் பண்ண வேண்டும். ஏற்றத்தில் இன்ஜினுக்கு மூச்சு வாங்கினால் நாமும் கூட மிதித்து ஒத்தாசை செய்ய வேண்டும். அதற்கு அடுத்த தம்பி, ஓசூரிலிருந்து 1980-ல் வந்த டி.வி.எஸ். 50. அப்புறம் ஒரு ராஜ்தூத், ஒரு லாம்பி ஸ்கூட்டர், ஒரு விஜய் சூப்பர், இரண்டு யெஸ்டி, ஒரு டீசல் புல்லட், டிரைவர் சீட்டுக்கு அடியிலேயே இன்ஜின் வைத்த ஆதிகாலத்து பஜாஜ் ஆட்டோ, ஒரு அம்பாசடர், ஒரு ஸ்டாண்டர்டு கெஸல். யெஸ்டிகளில் ஒன்று அடியேனுடையது. அப்பா 1984-ல் வாங்கியது. நான் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவு. மாதக் கடைசியில் டேலி பண்ணுகிற கை, ஞாயிற்றுக்கிழமைகளில் கிரீஸ்.

'வின்டேஜ் ராலி' என்றதும் உங்களுக்கு மகாராஜா ரோல்ஸ்ராய்ஸும் தொப்பி வைத்த சீமான்களும் ஞாபகம் வரலாம். கல்கத்தாவில் ஸ்டேட்ஸ்மேன் பத்திரிகை நடத்துகிற ராலி அந்த ரகம். லண்டனிலிருந்து பிரைட்டனுக்குப் போகிறார்களே, அது இன்னும் பெரிய இடம். 1905-க்கு முன்னால் செய்த வண்டிதான் அதில் கலந்துகொள்ளலாம். அதன் ஆரம்பக் கதை ருசியானது. ஒரு காலத்தில் இங்கிலாந்தில் மோட்டார் வண்டிக்கு முன்னால் ஓர் ஆள் நடந்து போக வேண்டும் என்று சட்டம். 1896-ல் அதை ரத்து செய்து, மணிக்கு 14 மைல் வரை போகலாம் என்றார்கள். அந்தச் சந்தோஷத்தில் கிளம்பியதுதான் முதல் ஊர்வலம்.

எங்கள் சுவேகாவுக்கு முன்னால் இன்றைக்கும் ஓர் ஆள் தாராளமாக நடந்து போகலாம். லேசாக ஓடினால் உத்தமம்.

எங்களுக்கு நெருங்கிய சொந்தம் வேறு இடத்தில் இருக்கிறது. 2006-லிருந்து சென்னையில் 'ரிக்‌ஷா சேலஞ்ச்' என்று ஒன்று நடத்துகிறார்கள். வெளிநாட்டுக்காரர்கள் வந்து, நம்ம ஆட்டோவுக்குக் கண்டபடி பெயின்ட் அடித்து, ஓட்டப் பழகிக்கொண்டு, கன்னியாகுமரி வரைக்கும் மும்பை வரைக்கும் போகிறார்கள். நாம் மீட்டருக்கு மேல் பத்து ரூபாய் கேட்டால் சண்டை போடுகிற ஆட்டோவில் அவர்கள் பணம் கட்டி, தாங்களே ஓட்டிக்கொண்டு போகிறார்கள்! மூன்று சக்கரத்துக்கு அதைவிடப் பழைய பெருமையும் உண்டு. 1907-ல் பீகிங்கிலிருந்து பாரிஸுக்கு ஐந்து வண்டிகள் கிளம்பின. அதில் ஒன்று கான்டல் என்ற மூன்று சக்கர வண்டி. கோபி பாலைவனத்தில் மாட்டிக்கொண்டு நின்றுபோனது. இந்தக் கதையை எங்கள் ஆட்டோக்கார அண்ணனிடம் சொன்னேன். "ஊத்துக்கோட்டை ரோட்டுல பாலைவனம் எதுவும் இல்லையே தம்பி?" என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

சரி, ஷெட்டுக்கு வாருங்கள். சனிக்கிழமை சாயந்திரம். கிளம்ப இன்னும் பன்னிரண்டு மணி நேரம்.

எங்களுக்கெல்லாம் தலைவர் மெக்கானிக் பாய். அறுபத்தெட்டு வயது. பையன் ஒரு கார் தொழிற்சாலையில் வேலை செய்கிறான். அங்கே வண்டிக்கு என்ன கோளாறு என்று கம்ப்யூட்டரே சொல்லிவிடுமாம். பாய்க்குக் கம்ப்யூட்டர் அவர் காதுதான். இன்ஜின் பக்கம் தலையைச் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டு நிற்பார், கச்சேரியில் சுருதி கேட்கிற மாதிரி. பிறகு, "ஜெட்டுல தூசி" என்பார். கழற்றினால் ஜெட்டில் தூசி!

பாயின் ஆயுதங்களைப் பார்த்தால் சிரிப்பு வரும். பழைய இன்ஜின்களில் சி.பி. பாயின்ட் என்று ஒரு சமாசாரம் உண்டு. அது திறக்கிற நொடியில்தான் பிளக்கில் தீப்பொறி அடிக்கும். அந்த இடைவெளி யெஸ்டிக்கு 0.4 மில்லிமீட்டர். அளக்கிறதற்கு முறையான கருவி இருக்கிறது. பாய் அதைத் தொடுவதே இல்லை. முகம் மழிக்கிற பிளேடு நான்கை ஒன்றாக அடுக்கி உள்ளே விடுவார். ஒரு பிளேடு 0.1 மில்லிமீட்டர், ஆக நாலு பிளேடு 0.4. கணக்குப் பிரிவு ஆசாமியான எனக்கே இது தோன்றவில்லை பாருங்கள்.

எந்த நொடியில் பாயின்ட் திறக்கிறது என்று பார்க்க சிகரெட் பாக்கெட்டுக்குள் இருக்கும் மெல்லிய தாள். அதை பாயின்ட் நடுவில் வைத்து, லேசாக இழுத்தபடியே இன்ஜினைக் கையால் சுற்றுவார். பிஸ்டன் உச்சிக்கு வருவதற்குக் கொஞ்சம் முன்னால் தாள் 'சரக்'கென்று வெளியே வர வேண்டும். முன்னாடியே வந்தால் கிக்கர் திருப்பி அடிக்கும், காலைப் பதம் பார்த்துவிடும். லேட்டாக வந்தால் வண்டி சோம்பேறி. "நான் சிகரெட்டை விட்டு இருபது வருஷம் ஆச்சு. இந்தத் தாளுக்காக இன்னமும் பாக்கெட் வாங்க வேண்டியிருக்கு" என்று அலுத்துக்கொண்டார்.

இந்தத் தடவை வந்த புது வில்லன், பெட்ரோல். நம்ம நாட்டில் பெட்ரோலோடு எத்தனால் கலக்கிறார்கள் அல்லவா? 2025-ல் அது 20 சதவீதத்தைத் தொட்டுவிட்டது. புது வண்டிகள் அதற்கேற்றபடி வருகின்றன. எங்கள் கிழவர்களுக்கு அது ஒத்துக்கொள்ளவில்லை. எத்தனால் ஈரத்தை இழுக்கும். டேங்க் உள்ளே துரு பிடிக்கும். பழைய ரப்பர் குழாய் ஊறி உப்பிப்போகும். ஆகவே பதினோரு வண்டிக்கும் பெட்ரோல் குழாய் மாற்றினோம். இல்லை, பத்து வண்டிக்கு! டீசல் புல்லட்டை விட்டுவிட்டேன் பாருங்கள். அந்த அண்ணன் ஷிஃப்ட் இன்சார்ஜ். நாங்கள் குழாயோடு போராடும்போது கைகட்டி நின்று, "எனக்கு அந்தப் பிரச்னையே கிடையாது" என்று பத்து தடவையாவது சொல்லியிருப்பார்.

அவருக்கு வேறு பிரச்னை. டீசல் புல்லட் 325 சிசி, ஆறரைக் குதிரைத் திறன். குதிரைகள் கொஞ்சம்தான், ஆனால் தீனி ரொம்பக் குறைவு. அந்தக் காலத்தில் பால்காரர்களும் விவசாயிகளும் கொண்டாடினார்கள். ஸ்டார்ட் பண்ணுவதற்கு மட்டும் பூர்வ புண்ணியம் வேண்டும். டீகம்ப்ரஷர் லீவரைப் பிடித்து, பிஸ்டனைச் சரியான இடத்துக்குக் கொண்டு வந்து, லீவரை விட்டு, ஒரே உதை. தவறினால் மறுபடி முதலிலிருந்து. பதினேழாவது உதையில் அது 'டம... டம...' என்று உயிர் பெற்றபோது ஷெட் தகரமே ஆடியது. டீக்கடை ஆயா எழுந்து நின்று, "கெணத்து மோட்டாரா தம்பி?" என்று கேட்டார்.

போலீஸ் ஸ்டேஷனுக்கும் போய்வந்தோம். பதினோரு வண்டி வரிசையாகப் போவதால் ஒரு கடிதம் கொடுத்துவிடுவது நல்லது என்று முடிவு. "என்னப்பா, ரேஸா?" என்று முறைத்தார் அங்கே இருந்தவர். வாகனங்களின் பட்டியலை நீட்டினோம். படித்தார். சுவேகா வந்ததும் சிரித்துவிட்டார். "எங்க மாமா வெச்சிருந்தாரு!" அதற்கப்புறம் டீ வந்தது.

இப்போது கெஸல் விஷயத்துக்கு வருகிறேன். சிரிப்பைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டுக் கேளுங்கள்.

ஸ்டாண்டர்டு கெஸல் சென்னைப் பெண். வண்டலூர் பக்கம் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி, ஹெரால்டுக்குப் பிறகு 1972-லிருந்து 1977 வரை செய்த கார். 948 சிசி. கம்பெனியே இப்போது இல்லை. எங்கள் கெஸல் 1974 மாடல். சொந்தக்காரர் பொன்னேரியில் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். நாங்கள் 'சார்' என்று கூப்பிடுவோம். முதல் பிரசவத்துக்கு மனைவியை அழைத்துப்போனது, பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்துவிட்டு வந்தது எல்லாம் இந்தக் காரில்தான். இப்போது ஞாயிறு காலை மீன் வாங்கப் போவதும் இதில்தான்.

வெளிநாட்டில் இருக்கும் பையன் போனில் சொல்லிவிட்டான்: "காயலான் கடைக்குப் போட்டுடுங்கப்பா. ஆபத்து." அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. பிரேக் ரப்பர் செத்துப்போயிருந்தது, ஆர்.சி. காலாவதி.

சாருக்கு இரண்டு வழி இருந்தது. ஒன்று, வின்டேஜ் பதிவு. 2021 ஜூலையில் மத்திய அரசு விதி போட்டது. முதல் பதிவாகி 50 வருஷம் தாண்டி, வணிகத்துக்கு உபயோகிக்காமல், பழைய உருவத்திலேயே வைத்திருக்கும் வண்டியை வின்டேஜ் என்று பதிந்துகொள்ளலாம். கட்டணம் 20,000 ரூபாய். பத்து வருஷத்துக்குச் செல்லும். நம்பர் பிளேட்டில் 'வி.ஏ.' என்ற எழுத்து வரும். கௌரவம்தான்! ஆனால் ஒரு நிபந்தனை. கண்காட்சி, ராலி, ஆராய்ச்சி, பெட்ரோல் போடுவது, ரிப்பேர்... இதற்குத் தவிர ரோட்டில் எடுக்கக் கூடாது. அதாவது, மீன் வாங்கப் போகக் கூடாது.

இரண்டாவது வழி, சாதாரண வண்டியாகவே பரிசோதனைக்குக் காட்டிப் பதிவைப் புதுப்பிப்பது. ஐந்து வருஷம் ஓட்டலாம். 2025 ஆகஸ்டில் இதற்கான கட்டணத்தை உயர்த்திவிட்டார்கள். 20 வருஷம் தாண்டிய காருக்கு 10,000 ரூபாய், மூன்று சக்கரத்துக்கு 5,000, டூவீலருக்கு 2,000. வரி தனி. வண்டியும் பரீட்சை பாஸ் பண்ண வேண்டும்.

எங்கள் கோஷ்டியில் பெரும்பாலோர் கதி இதுதான். அப்பாவின் யெஸ்டிக்கு வயது நாற்பது சொச்சம். வின்டேஜ் மரியாதைக்கு வயது பத்தாது. சும்மா விடுவதற்கு வயது அதிகம். ஆபீசில் நாற்பத்தைந்தைத் தாண்டிய கிளார்க் நிலைமை! ஆட்டோ அண்ணன் பாடு இன்னும் மோசம். அந்த வின்டேஜ் விதி இரண்டு சக்கரத்துக்கும் நாலு சக்கரத்துக்கும்தான். மூன்று சக்கரம் நூறு வயது வாழ்ந்தாலும் அதில் இடம் கிடையாது.

புகை கக்கும் வண்டிகளைச் சலுகை கொடுத்து ஓட்டச் சொல்லி நான் வாதாட வரவில்லை. பிரேக் பிடிக்காத வண்டி எத்தனை அழகாக இருந்தாலும் ரோட்டில் வரக் கூடாது. சோதனை வேண்டும், கறாராகவே வேண்டும். அதில் பாஸ் பண்ணிய பிறகும் வயதுக்காக ஒரு கட்டணம் என்பதுதான் எனக்கு இடிக்கிறது. வருஷத்துக்கு ஆயிரம் கிலோமீட்டர்கூட ஓடாத வண்டி இது. தினமும் அறுபது கிலோமீட்டர் ஓடுகிற புது வண்டியைவிடக் காற்றுக்கு எவ்வளவு கெடுதல் செய்துவிடும்?

சார் ஒரு வாரம் யோசித்தார். பிறகு பாயிடம் வந்தார். "ஷோகேஸ்ல வைக்கவா பாய் வாங்கினேன்? ஓடற வண்டியா பதிஞ்சா போதும். பிரேக்கைச் சரிபண்ணிக் குடுங்க."

கெஸலுக்கு பிரேக் ரப்பர் எங்கே கிடைக்கும்? பாய் பழைய ரப்பரைத் தாளில் மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, கும்மிடிப்பூண்டியில் லோக்கல் ரயிலேறிப் புதுப்பேட்டைக்குப் போனார். மூன்று தடவை! கடை கடையாக ஏறி, வேறு ஏதோ வண்டிக்கு வந்த ரப்பர் கப் அதே அளவில் நான்கு பிடித்துவிட்டார். நாலு சக்கரத்தையும் கழற்றி, பிரேக் ஆயில் புதுசாக விட்டு, காற்று போகும் வரை சார் பெடலை மிதிக்க மிதிக்க பாய் நட்டைத் திறந்து மூடினார். "மிதிங்க சார்... பிடிங்க... விடுங்க..." ராத்திரி பதினொன்றரை வரை இதே பாட்டு. போன வாரம் பரிசோதனையில் கெஸல் பாஸ். வெள்ளிக்கிழமை ஆர்.சி. கைக்கு வந்தது. சார் அதைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் வைத்துப் படித்தார், பேரப்பிள்ளை ரேங்க் கார்டு மாதிரி.

இதை ஏன் இத்தனை நீட்டிச் சொல்கிறேன் என்றால், பதிவைப் பணம் கட்டி நீட்டித்துக்கொள்ளலாம். பாயின் கையை யார் நீட்டிப்பது? மாவட்டம் பூராவும் வண்டித் தொழிற்சாலைகள். பாயின்ட் வைக்கத் தெரிந்தவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். எங்கள் கம்பெனியில் இரண்டு டிப்ளமா பையன்கள் அப்ரென்டிஸாக இருக்கிறார்கள். முதலில் செல்ஃபி எடுக்கத்தான் ஷெட்டுக்கு வந்தார்கள். ஒருத்தன் மட்டும் அடுத்த நாளும் வந்தான். அதற்கடுத்த நாளும். பாய் அவனை ஒரு வாரம் ஜெட் கழுவ வைத்தார், ஒரு வாரம் சைலன்ஸர் கரியைச் சுரண்ட வைத்தார். பையன் முகம் சுளிக்கவில்லை. வீட்டுக்குப் போகும்போது அவன் அம்மாதான் சுளித்திருப்பார்.

இன்று சாயந்திரம் என் யெஸ்டியை அவனிடம் விட்டுவிட்டார். "நீயே வையி தம்பி." எனக்கு வயிற்றைக் கலக்கியது, அப்பா வண்டியாயிற்றே! அவன் நாலு பிளேடு அடுக்கினான், தாளை வைத்தான், சுற்றினான். மறுபடி சுற்றினான். பாய் முதுகைத் திருப்பிக்கொண்டு டீ குடித்துக்கொண்டிருந்தார். (யெஸ்டியில் ஒரு வேடிக்கை: கிக்கரும் கியர் லீவரும் ஒன்றுதான். உதைத்துவிட்டு முன்னால் மடக்கினால் கியர்.) முதல் உதை, ஒன்றுமில்லை. இரண்டாவது, லேசாக இருமியது. மூன்றாவதில் இரண்டு சைலன்ஸரிலும் நீலப் புகையோடு பாட ஆரம்பித்துவிட்டது.

பாய் திரும்பவே இல்லை. காதை மட்டும் சாய்த்தார். "ஒரு நூல் லேட்டு" என்றார். பையன் அணைத்துவிட்டு மறுபடி கழற்றினான்.

மணி எட்டாகிவிட்டது. வேலை இன்னும் கிடக்கிறது. டூ-ஸ்ட்ரோக் வண்டிகளுக்கு லிட்டருக்கு 40 மில்லி ஆயில் கலந்து கேன்களில் அடைக்க வேண்டும். பின்னால் வரப்போகும் டாடா ஏஸில் கயிறு, கிளட்ச் கேபிள், பிளக், டியூப், பஞ்சர் சாமான், தண்ணீர் எல்லாம் ஏற்றியாகிவிட்டது. லாம்பிக்காரர் வீட்டிலிருந்து நாற்பது இட்லியும் மிளகாய்ப் பொடியும் வருவதாகத் தகவல். வரிசையையும் முடிவு பண்ணிவிட்டோம். சாதாரணமாக வேகமான வண்டிதான் முன்னால் போகும். எங்களில் சுவேகா முன்னால், அம்பாசடர் கடைசி. யாரும் நாற்பதைத் தாண்டக் கூடாது. தாண்ட முடிந்தவர்களே ஐந்து பேர்தான் என்பதால் இந்த விதிக்கு எதிர்ப்பு கிளம்பவில்லை.

அம்பாசடர் நண்பருக்குத்தான் ஏகப் பெருமை. வண்டி பிறந்தது வங்காளத்து உத்தர்பாராவில், 2014-ல் உற்பத்தி நின்றது. ஆனால் அந்தப் பெயரை 2017-ல் பிரான்சின் பேஷோ கம்பெனி 80 கோடி ரூபாய்க்கு வாங்கியது. அதே குடும்பத்துச் சிட்ரோயன்தான் திருவள்ளூரில் தயாராகிறது. "நாளைக்கு நான் மாமியார் வீட்டுக்குப் போறேன்யா. தொழிற்சாலை வாசல்ல நின்னு ஒரு போட்டோ எடுத்தே ஆகணும்" என்று அடம் பிடிக்கிறார். வண்டியை அணைக்காமல் எடுப்பதானால் சம்மதம் என்று பாய் சொல்லியிருக்கிறார்.

இந்த இதழ் உங்கள் கைக்கு வருவதற்குள் நாங்கள் திருவள்ளூர் வீரராகவர் கோயில் குளத்தங்கரையில் இட்லியை முடித்திருப்போம். அல்லது ஊத்துக்கோட்டை பஸ் ஸ்டாண்டு எதிரில், பதினோரு பேரும் ஒரே வண்டியைச் சுற்றி உட்கார்ந்திருப்போம். எப்போதாவது ஒரு ஞாயிறு காலை அந்தப் பக்கம் புகையும் சத்தமுமாக ஒரு ஊர்வலம் எதிர்ப்பட்டால், கொஞ்சம் ஒதுங்கி வழிவிடுங்கள். கையசைத்தால் சந்தோஷம். திருப்பி அசைக்கவில்லை என்று கோபித்துக்கொள்ளாதீர்கள். டீசல் புல்லட் அண்ணன் கையை எடுத்தால் வண்டி அணைந்துவிடும்!